விலைச்சீட்டின் அடியில் இருக்கும் சிறிய எண்

வாசகர் கேள்வி – பதில்

பேரங்காடியின் விலைச்சீட்டில் பெரிதாக அச்சிட்ட விலைக்குக் கீழே, 100 கிராமுக்கு இவ்வளவு, ஒரு லிட்டருக்கு இவ்வளவு என்று பொடி எழுத்தில் வரும் அலகு விலையைப் பற்றிச் சென்ற இதழில் இரண்டு பத்திதான் எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்தபோது, இந்த இதழ் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிடலாம் என்று தோன்றியது. சிராங்கூன் ரோட்டு மளிகைக்கடை ஒன்றில் பதினேழு ஆண்டுகள் கணக்கெழுதியவன் என்பதால் எனக்கும் இது பிடித்தமான விஷயம். கீழே வெள்ளியில், அதாவது சிங்கப்பூர் டாலரில், வரும் விலைகள் வாசகர்கள் குறித்து அனுப்பியவை அல்லது நானே குறித்துக்கொண்டவை. நீங்கள் கடைக்குப் போகும் நாளில் அவை மாறியிருக்கும். கணக்குப் போடும் வழி மட்டும் மாறாது.

கேள்வி: ஐயா, எது வாங்கினாலும் பெரிய பொட்டலமாக வாங்கு, அதுதான் மலிவு என்பது என் வீட்டுக்காரரின் கட்சி. சென்ற வாரம் துவரம் பருப்பு 500 கிராம் 2 வெள்ளி 15 காசு, 1 கிலோ 4 வெள்ளி 45 காசு, 2 கிலோ 8 வெள்ளி 40 காசு என்று இருந்தது. எது சரியான தேர்வு?
— ஈசூன் வாசகி

பதில்: உங்கள் வீட்டுக்காரர் சொல்வது பல பொருள்களுக்குச் சரிதான், ஆனால் நீங்கள் குறித்து அனுப்பிய பருப்புக்குப் பாதிதான் சரி. மூன்றையும் கிலோவுக்கு மாற்றிப் பாருங்கள். அரைக் கிலோப் பொட்டலம் கிலோவுக்கு 4.30 வெள்ளி, ஒரு கிலோப் பொட்டலம் 4.45, இரண்டு கிலோப் பொட்டலம் 4.20. நடுவில் இருக்கும் ஒரு கிலோப் பொட்டலம்தான் மூன்றிலும் விலை கூடியது. அரைக் கிலோவில் இரண்டை எடுத்தால் அதே ஒரு கிலோ 15 காசு குறைவாகக் கிடைக்கிறது. இரண்டு கிலோ வாங்கினால் அரைக் கிலோப் பொட்டலம் நான்கு வாங்குவதைவிட மிச்சமாவது 20 காசு. அந்த 20 காசுக்காக இரண்டு கிலோ பருப்பைத் தூக்கிக்கொண்டு புளோக் வரைக்கும் நடப்பதா என்பதை உங்கள் கைதான் முடிவு செய்ய வேண்டும்.

நடுப்பொட்டலம் ஏன் கூடுதலாக இருக்கிறது என்று கேட்டால், நான் வேலை பார்த்த கடையில் கண்டதைச் சொல்கிறேன். 25 கிலோ மூட்டையைப் பிரித்து, தராசில் நிறுத்து, நாங்களே பொட்டலம் கட்டுவோம். அரைக் கிலோப் பொட்டலங்கள் போன மாதத்து மூட்டையிலிருந்தும் ஒரு கிலோப் பொட்டலங்கள் புதிதாக வந்து இறங்கிய மூட்டையிலிருந்தும் கட்டப்பட்டிருந்தால், பழைய கொள்முதல் விலையும் புதிய கொள்முதல் விலையும் ஒரே அடுக்கில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். வாடிக்கையாளர் அதைப் பார்த்து, கடைக்காரர் ஏதோ தந்திரம் செய்கிறார் என்று நினைப்பார். உள்ளே நாங்கள் எந்த அட்டைப்பெட்டி எந்த மூட்டையுடையது என்று தேடிக்கொண்டிருப்போம். பேரங்காடியில் இதே நிலைமை வேறு காரணத்தால் வருகிறது. ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மட்டும் அந்த வாரம் தள்ளுபடி போட்டிருப்பார்கள், மற்ற அளவுகள் பழைய விலையிலேயே நிற்கும்.

கடையில் நின்றபடி வகுத்துப் பார்ப்பது கடினமாக இருந்தால், சிறியதைப் பெருக்கிப் பெரியதோடு ஒப்பிடுங்கள். அரைக் கிலோ விலையை இரட்டிப்பாக்குவது யாருக்கும் வரும். 340 கிராம், 900 கிராம் என்று ஒன்றுக்கொன்று பொருந்தாத அளவுகளில் வரும் காப்பித்தூள், சத்துமாவு போன்றவற்றுக்கு மட்டும் கைப்பேசியை எடுத்து, விலையைக் கிராமால் வகுத்து நூறால் பெருக்குங்கள். 340 கிராம் 3.90 வெள்ளி என்றால் 100 கிராம் ஏறத்தாழ 1.15, 900 கிராம் 9.95 என்றால் ஏறத்தாழ 1.11. வித்தியாசம் நான்கு காசு.

கேள்வி: சென்ற இதழில் தேயிலைப் பைகளைப் பற்றி எழுதிய கணக்கில் பிழை இருக்கிறது. 100 பைகள் கொண்ட பெட்டியில் 250 கிராம் தேயிலை என்று எழுதியிருந்தீர்கள். என் வீட்டுப் பெட்டியில் ஒரு பைக்கு 2 கிராம் என்றுதான் போட்டிருக்கிறது.
— பிடோக் வாசகர்

பதில்: பிழை என்னுடையதுதான். 100 பைகள், பைக்கு 2 கிராம், ஆக 200 கிராம். பெட்டி 5.60 வெள்ளி என்றால் கிலோ 28 வெள்ளி ஆகிறது, நான் 22.40 என்று எழுதிவிட்டேன். 500 கிராம் 7.50 வெள்ளிக்குக் கிடைக்கும் தேயிலைத்தூள் கிலோ 15 வெள்ளி என்பதால், தூள்தான் மலிவு என்ற முடிவு மாறவில்லை, இடைவெளி இன்னும் பெரிதாகிறது.

ஆனால் உங்கள் கடிதம் என்னை இன்னொன்றையும் யோசிக்க வைத்தது. நாம் தேயிலையைக் கிலோக் கணக்கில் குடிப்பதில்லை, குவளைக் கணக்கில் குடிக்கிறோம். பையில் ஒரு குவளைக்கு ஆகும் செலவு 5.6 காசு. தூளில் நம் வீட்டுப் பால் தேநீருக்கு மூன்று கிராமாவது போடாமல் விடமாட்டோம், அப்படியானால் 4.5 காசு. கிலோ விலையில் ஏறக்குறைய இரட்டிப்பாகத் தெரிந்த வித்தியாசம், குவளையில் ஒரு காசுக்குச் சற்றுக் கூடுதலாகச் சுருங்கிவிடுகிறது.

கேள்வி: ஒரே அடுக்கில் ஒரு நெய்க்கு 100 மில்லிக்கு விலை போட்டிருக்கிறார்கள், பக்கத்து நெய்க்கு 100 கிராமுக்குப் போட்டிருக்கிறார்கள். 500 மில்லி போத்தல் 10.90 வெள்ளி, 500 கிராம் டின் 11.60 வெள்ளி. இரண்டும் ஒன்றுதானே என்று நினைத்துப் போத்தலை எடுத்தேன். சரிதானா?
— செங்காங் வாசகி

பதில்: சரியில்லை, அம்மா, ஆனால் இந்த இடத்தில் தடுக்கி விழாதவர்கள் குறைவு. மில்லிலிட்டர் என்பது இடத்தின் அளவு, கிராம் என்பது எடையின் அளவு. தண்ணீருக்குத்தான் இரண்டும் ஏறத்தாழ ஒன்று. நெய்யும் எண்ணெயும் தண்ணீரைவிட இலேசானவை, அதனால்தான் தண்ணீரின்மேல் மிதக்கின்றன. ஒரு லிட்டர் நெய் ஏறத்தாழ 910 கிராம்தான் இருக்கும், நல்லெண்ணெயும் ஏறத்தாழ 920 கிராம்தான்.

ஆகவே உங்கள் 500 மில்லி போத்தலில் இருப்பது சுமார் 455 கிராம் நெய். 10.90 வெள்ளியை 455 கிராமுக்குப் பிரித்தால் 100 கிராம் 2.40 வெள்ளிக்கு வருகிறது. டின்னில் 100 கிராம் 2.32 வெள்ளி. எழுபது காசு கூடுதலாகத் தெரிந்த டின்தான் உண்மையில் மலிவு, தரம் ஒன்றாக இருந்தால். நெய், எண்ணெய் வகைகளுக்கு நினைவில் வைத்துக்கொள்ள ஒரு எளிய வழி உண்டு: மில்லியில் எழுதியிருப்பதில் பத்தில் ஒரு பங்கைக் கழித்தால் கிராம் கிட்டத்தட்ட வந்துவிடும். 500 மில்லியில் 50 போனால் 450. மளிகைக் கணக்குக்கு அந்தத் துல்லியம் போதும்.

தேனில் இது தலைகீழாகும். தேன் தண்ணீரைவிடக் கனமானது, ஒரு லிட்டர் ஏறத்தாழ 1.4 கிலோ. 500 மில்லி தேன் போத்தலில் ஏறத்தாழ 700 கிராம் இருக்கும். 500 கிராம் தேன் போத்தலில் சுமார் 355 மில்லிதான் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்து ‘ரெண்டும் ஐந்நூறுதானே’ என்று எடுத்தால் பெரிய நட்டம். கடைகள் ஒரே வகைப் பொருளுக்கு ஒரே அலகில் விலை காட்டினால் இந்தத் தொல்லையே இராது. ஒரே அடுக்கில் கிலோவும் 100 கிராமும் மில்லியும் கலந்து நிற்கும்போது, சீட்டில் அலகு விலை இருந்தும் பயனில்லை. அந்தப் பொடி எழுத்து என் கண்ணாடிக்குக்கூட எட்டுவதில்லை என்ற குறையையும் இங்கேயே பதிவு செய்துவிடுகிறேன்.

கேள்வி: சமையல் எண்ணெய் 2 லிட்டர் போத்தல் 7.40, 5 லிட்டர் கலன் 17.90. அதோடு, 2 லிட்டரில் இரண்டு எடுத்தால் 13.50 என்று சிவப்புச் சீட்டு ஒட்டியிருந்தார்கள். அடியில் இருந்த அலகு விலையைப் பார்த்து 5 லிட்டரை எடுத்தேன். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டபோது ஏமாந்தது தெரிந்தது. இதைப் பற்றிப் புகார் செய்ய முடியுமா?
— ஜூரோங் வெஸ்ட் வாசகர்

பதில்: முதலில் கணக்கு. ஒரு போத்தல் வாங்கினால் லிட்டர் 3.70, கலன் வாங்கினால் 3.58, இரண்டு போத்தல் சேர்த்து வாங்கினால் 3.37 அல்லது 3.38. அடியில் இருந்த சிறிய எண் ஒரு போத்தலின் வழக்கமான விலைக்குப் போட்டது. சலுகைச் சீட்டை மேலே ஒட்டியவர் கீழே இருந்த எண்ணை மாற்றவில்லை. இது பல கடைகளில் நடப்பதுதான். சலுகைச் சீட்டு கண்ணில் பட்டால், அச்சிட்ட அலகு விலையை மறந்துவிட்டு நீங்களே வகுத்துக்கொள்ள வேண்டும் என்பதை ஒரு விதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கடை பொய் சொல்லவில்லை என்பதால், நீங்கள் சொல்வதில் புகாருக்கு இடமிருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. 13.50 என்று சீட்டில் இருந்தது, 13.50க்குக் கிடைத்திருக்கும். ஆனால் இல்லாத சலுகையை இருப்பதாகக் காட்டுவது வேறு விஷயம். 2004 முதல் நடப்பில் இருக்கும் பயனீட்டாளர் பாதுகாப்பு நியாய வர்த்தகச் சட்டத்தின்கீழ் அது நியாயமற்ற நடைமுறை. சிங்கப்பூர் போட்டித்தன்மை, பயனீட்டாளர் ஆணையம் வெளியிட்ட விலை வெளிப்படைத்தன்மை வழிகாட்டி 2020 நவம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. தள்ளுபடி, விலை ஒப்பீடு, ‘இலவசம்’ என்ற சொல் ஆகியவற்றை எப்படிப் பயன்படுத்தலாம், எப்படிப் பயன்படுத்தக் கூடாது என்று அது விளக்குகிறது. ‘வழக்கமான விலை’ என்று அடித்துக் காட்டிய விலையில் அந்தக் கடை அந்தப் பொருளை உண்மையாக விற்றதே இல்லை என்று உங்களுக்குத் தெரிந்தால், சீட்டைப் படம் பிடித்து, ரசீதோடு சேர்த்து வைத்துக்கொண்டு, முதலில் கடையின் வாடிக்கையாளர் சேவை முகப்பிலும், அங்கே பதில் இல்லையென்றால் கேஸ் எனப்படும் பயனீட்டாளர் சங்கத்திலும் கேளுங்கள்.

இனி நீங்கள் வாங்கிய அந்தக் கலனைப் பற்றி. விலையை விட்டுவிட்டுப் பார்த்தாலும் இரண்டு சிறிய போத்தல்தான் நல்லது என்பேன். ஐந்து லிட்டரைத் திறந்தால் கடைசிச் சொட்டுத் தீரும்வரை அது காற்றுப் பட்டுக்கொண்டே அடுப்பங்கரைச் சூட்டில் நிற்கும். இரண்டு போத்தலில் ஒன்று திறக்காமல் இருக்கும்.

கேள்வி: நான் வழக்கமாக வாங்கும் பிஸ்கட் அதே விலை, அதே உறை, ஆனால் 400 கிராம் இருந்தது 360 கிராமாகிவிட்டது. இதைச் சட்டம் அனுமதிக்கிறதா?
— தெம்பனிஸ் வாசகி

பதில்: உறைமேல் நிகர எடையைக் குறிப்பிட வேண்டும் என்பது விதி. எடை உண்மையாக அச்சிடப்பட்டிருக்கும்வரை, குறைவாகப் போட்டு அதே விலைக்கு விற்பது உற்பத்தியாளரின் விருப்பம். எடை பத்து விழுக்காடு குறைந்தது என்று நினைத்து விலையும் பத்து விழுக்காடுதான் ஏறியது என்று எண்ணிவிடாதீர்கள். பொட்டலம் 3.20 வெள்ளி என்று வைத்துக்கொண்டால், முன்பு கிலோ 8 வெள்ளி, இப்போது 8.89. ஏற்றம் பதினொரு விழுக்காட்டுக்கும் சற்று மேல். விலை ஏறினால் கண்ணில் படும், எடை இறங்கினால் படாது. அலகு விலையைப் பார்க்கும் பழக்கம் உள்ளவருக்கு இரண்டும் ஒரே எண்ணில் தெரிந்துவிடும். ஆஸ்திரேலியாவில் பெரிய பேரங்காடிகள் அலகு விலையைக் காட்டியே ஆக வேண்டும் என்ற விதி 2009இல் வந்தது. இங்கே சில பேரங்காடிகள் காட்டுகின்றன, மற்ற இடங்களில் கைப்பேசிதான் துணை.

கேள்வி: தேக்கா சந்தையில் தலையோடு இறால் கிலோ 16 வெள்ளி, உரித்த இறால் கிலோ 27 வெள்ளி. பதினொரு வெள்ளியை உரிக்கும் கூலியாகக் கொடுப்பதா என்று நானே உரிக்கிறேன். என் மருமகள் ‘எதுக்கு மாமி இந்தப் பாடு’ என்கிறாள். யார் பக்கம் நியாயம்?
— சிராங்கூன் வாசகி

பதில்: இந்தக் கடிதத்தை வீட்டில் படித்துக் காட்டியபோது எங்கள் வீட்டிலும் இரண்டு கட்சி உண்டாகிவிட்டது, ஆகவே மறுநாள் காலையிலேயே தேக்காவுக்குப் போய் ஒரு கிலோ இறால் வாங்கி வந்து, சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்தோம். தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, முதுகு நரம்பை எடுத்து, கழுவி, வடிகட்டியில் கால் மணி நேரம் வைத்தபின் நிறுத்தபோது 540 கிராம் இருந்தது. 16 வெள்ளியை 540 கிராமுக்குப் பிரித்தால் உரித்த இறால் கிலோ 29.63 வெள்ளிக்கு வருகிறது. அதாவது சந்தைக்காரர் உரித்துக் கொடுப்பதைவிட நீங்கள் உரிப்பது கிலோவுக்கு இரண்டரை வெள்ளி கூடுதல் செலவு, உங்கள் உழைப்பை இலவசமாக எண்ணிய பிறகும். இறாலின் ரகத்தையும் பருமனையும் பொறுத்து 540 என்பது கூடக் குறைய வரும் என்றாலும் கிட்டத்தட்டப் பாதி வீணாகும் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளலாம்.

மருமகள் பக்கம் நியாயம் என்று இப்போதே தீர்ப்புச் சொல்லிவிடலாம், ஆனால் ஒரு கேள்வி இருக்கிறது. தலையையும் ஓட்டையும் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? எங்கள் வீட்டில் அவற்றை வறுத்து, தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டு, அந்தச் சாற்றில் குழம்பு வைத்தார்கள். அந்தக் குழம்பின் மணத்துக்கு இரண்டரை வெள்ளி அதிகமில்லை. தலையைக் குப்பையில் போடுகிற வீடானால் உரித்ததை வாங்குங்கள்.

உறைந்த இறால் வாங்குகிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. காய்ந்துவிடாமல் இருப்பதற்காக ஒவ்வோர் இறாலின்மேலும் மெல்லிய பனிக்கட்டிப் பூச்சு போடுவார்கள், அந்தப் பனியையும் நீங்கள் எடைக்கு வாங்கியிருக்கக்கூடும். ஒரு பொட்டலத்தை வடிகட்டியில் உருகவைத்து, நீர் வடிந்தபின் நிறுத்துப் பார்த்தால், எந்தச் சின்னம் உங்களுக்கு இறால் தருகிறது, எது தண்ணீர் தருகிறது என்பது ஒரே தடவையில் தெரிந்துவிடும். டின்னில் வருவனவற்றிலும் இதே கதைதான். திரவத்தில் ஊறவைத்து அடைத்த உணவுக்கு, நீரை வடித்தபின் உள்ள எடையையும் சீட்டில் எழுத வேண்டும் என்பது சிங்கப்பூர் விதி. 400 கிராம் கொண்டைக்கடலை டின் ஒன்றில் வடித்த எடை 240 கிராம் என்றிருந்தால், 1.60 வெள்ளி டின்னுக்குக் கடலை கிலோ 6.67. காய்ந்த கடலை 500 கிராம் 2.10 வெள்ளிக்கு வாங்கி ஊறவைத்து அவித்தால் ஒரு கிலோவுக்கு மேலேயே தேறும். எரிவாயுச் செலவைச் சேர்த்தாலும் அது டின் விலையை நெருங்காது. ஆனால் திடீரென்று விருந்தாளி வந்து நிற்கும் மாலையில் ஊறவைக்க நேரமில்லை என்பதும் உண்மை.

சந்தையைப் பற்றிப் பேசும்போது நினைவுக்கு வருகிறது. இன்றும் சில மூத்தவர்கள் ‘கட்டி எவ்வளவு’ என்று கேட்பதையும், சில கடைக்காரர்கள் கட்டிக் கணக்கிலேயே சொல்வதையும் கேட்கலாம். ஒரு கட்டி ஏறத்தாழ 605 கிராம். கட்டி 9 வெள்ளி என்றால் கிலோ 14.88 ஆகிறது, பக்கத்துக் கடையில் கிலோ 14 வெள்ளி என்று எழுதியிருப்பதைப் பார்த்து ‘ஒன்பதெங்கே பதினான்கெங்கே’ என்று நகர்ந்துவிடாதீர்கள். தராசின் மேல் ‘அக்யூரசி’ ஒட்டுவில்லை இருக்கிறதா என்றும் பாருங்கள். வணிகத்துக்குப் பயன்படும் தராசு சோதிக்கப்பட்டதற்கு அதுதான் அடையாளம்.

கேள்வி: கழிவறைத் தாள் ஒரு சுருளுக்கு எவ்வளவு என்று பார்த்து வாங்கினால் போதுமா?
— பொங்கோல் வாசகர்

பதில்: போதாது. 10 சுருள் 6.50 வெள்ளி, 20 சுருள் 8.90 வெள்ளி என்றால் இரண்டாவதுதான் மலிவு என்று தோன்றும். முதலாவதில் சுருளுக்கு 220 தாள், இரண்டாவதில் 140 தாள் என்றால், 100 தாளுக்கு முதலாவது 29.5 காசு, இரண்டாவது 31.8 காசு. தாள் எத்தனை அடுக்கு என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

துணி துவைக்கும் தூள், திரவம் போன்றவற்றுக்குக் கிலோவையும் லிட்டரையும் விட்டுவிட்டு, ஒரு துவைப்புக்கு எவ்வளவு என்று பாருங்கள். 3 கிலோத் தூள் 9.90 வெள்ளி, ஒரு தடவைக்கு 100 கிராம் என்றால் முப்பது துவைப்பு, துவைப்புக்கு 33 காசு. 1.6 லிட்டர் அடர்திரவம் 12.80 வெள்ளி, ஒரு தடவைக்கு 40 மில்லி என்றால் நாற்பது துவைப்பு, 32 காசு. மூடியில் போட்ட கோட்டுக்கு மேல் ஊற்றாமல் இருந்தால்தான் இந்தக் கணக்கு. என் மனைவி கோட்டைப் பார்ப்பதில்லை.

கேள்வி: வாரக்கடைசியில் ஜோகூருக்குப் போய் மளிகை வாங்கி வருகிறோம். இந்த அலகு விலைக் கணக்கு அங்கே செல்லுமா?
— உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்: செல்லும். ரிங்கிட் விலையை முதலில் கிலோவுக்கோ லிட்டருக்கோ ஆக்குங்கள், அதன்பின் அன்றைய மாற்று விகிதத்தில் வெள்ளியாக்குங்கள். முறையை மாற்றிச் செய்தால் பொட்டல அளவு வேறாக இருப்பது மறந்துபோகும். திரும்பி வரும்போது 48 மணி நேரத்துக்குக் குறைவாக வெளியே இருந்தவருக்குப் பொருள் சேவை வரி விலக்கு 100 வெள்ளி மதிப்புவரைதான், அதற்கு மேற்பட்ட மதிப்புக்கு 9 விழுக்காடு வரி கட்ட வேண்டும். பேருந்துக் கட்டணத்தையும் பாலத்தில் நின்ற மூன்று மணி நேரத்தையும் எந்தப் பொருளின் கிலோவில் சேர்ப்பது என்பதை நீங்களே தீர்மானியுங்கள்.

கேள்வி: நான் ஈரறை வீட்டில் தனியாக இருக்கிறேன். பிள்ளைகள் வெளிநாட்டில். மாதம் ஒன்றரைக் கிலோ அரிசி ஆகும். 2 கிலோப் பை 6.40 வெள்ளி, 5 கிலோப் பை 14.50 வெள்ளி. 5 கிலோதான் மலிவு என்று தெரிந்தும் வாங்குவதில்லை. தனியாக இருப்பவர்கள் எல்லாவற்றுக்கும் கூடுதலாகக் கொடுக்க வேண்டியதுதானா?
— அங் மோ கியோ வாசகி

பதில்: அம்மா, உங்கள் கடிதத்துக்குத்தான் நான் அதிக நேரம் செலவழித்தேன். சீட்டின்படி 2 கிலோப் பையில் அரிசி கிலோ 3.20, 5 கிலோப் பையில் 2.90. முப்பது காசு வித்தியாசம் இருக்கிறது. ஆனால் அந்த 2.90 என்பது ஐந்து கிலோவையும் நீங்கள் சாப்பிட்டு முடித்தால்தான் உண்மை. மாதம் ஒன்றரைக் கிலோ என்றால் ஐந்து கிலோ தீர மூன்று மாதத்துக்கு மேல் ஆகும், நம் ஊர் ஈரப்பதத்தில் அதற்குள் அரிசியில் வண்டு வைக்காமல் இருந்தால் அதிசயம். கடைசியில் ஒரு கிலோவைக் கொட்டினீர்களானால், 14.50 வெள்ளிக்கு நான்கு கிலோ சாப்பிட்டிருக்கிறீர்கள், கிலோ 3.63 ஆகிவிட்டது. எவ்வளவு வீணானால் சிறிய பையும் பெரிய பையும் சமமாகும் என்று பார்த்தேன். 14.50ஐ 3.20ஆல் வகுத்தால் 4.53 வருகிறது. அதாவது ஏறத்தாழ அரைக் கிலோ கெட்டுப்போனாலே பெரிய பையின் ஆதாயம் முழுவதும் போய்விடும். நீங்கள் கணக்குப் போடாமலே சரியானதைச் செய்துகொண்டிருக்கிறீர்கள்.

தேங்காய்ப்பாலில் இது இன்னும் கடுமை. 1 லிட்டர் பெட்டி 200 மில்லிப் பெட்டியைவிட அலகு விலையில் குறைவாகத்தான் இருக்கும், ஆனால் திறந்தபின் குளிர்பெட்டியில் சில நாள்தான் தாங்கும். ஒருவர் சமையலுக்கு 200 மில்லியைப் பயன்படுத்திவிட்டு மீதியை ஊற்றினால், ஐந்து மடங்கு விலைக்கு வாங்கியதாகிறது. மாறாக உப்பு, சர்க்கரை, புளி, பாத்திரம் கழுவும் திரவம் ஆகியவை கெடுவதில்லை. இடம் இருந்தால் அவற்றைப் பெரிதாகவே வாங்குங்கள். அரசாங்கம் வீடுகளுக்குக் கொடுக்கும் சிடிசி பற்றுச்சீட்டில் பேரங்காடிக்கென்று ஒதுக்கும் பாதி, 2025 ஜனவரியில் கொடுத்த 300 வெள்ளியில் 150 வெள்ளி இருந்ததுபோல, ஒரே தடவையில் தீர்க்க வேண்டியதில்லை என்பதால், அது இருக்கிறதே என்று பெரிய பைகளை அள்ளிக்கொண்டு வரவும் வேண்டாம்.

உங்கள் தளத்தில் அரிசிச் சோறு சாப்பிடும் இன்னொரு வீடு இருந்தால், 5 கிலோப் பையைப் பாதியாகப் பிரித்துக்கொள்வதில் கூச்சம் வேண்டாம். ஆளுக்கு இரண்டரைக் கிலோ, 7.25 வெள்ளி, ஒன்றரை மாதத்துக்குச் சற்று மேல் வரும், வண்டுக்கும் அவகாசம் குறைவு. யாரும் இல்லையென்றால் 2 கிலோப் பையே இருக்கட்டும். பையைப் பிரித்தவுடன் அரிசியை இறுக்கமாக மூடும் டப்பாவில் கொட்டி, மூடியின்மேல் பிரித்த தேதியை எழுதி ஒட்டிவிடுங்கள்.